மலையக நகரப் பாடசாலைகளில் விஞ்ஞானச் செயன்முறைக் கல்விக்கு எதற்குப் பணம் கொடுப்பது பயன் தரும்?

இலங்கை மலையகத்தின் ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளை போன்ற நகரங்களின் தமிழ்மொழிப் பாடசாலைகளுக்கு வரும் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் விஞ்ஞானத்தைத் தம் கையால் செய்து கற்பதற்கு நண்பர்களாகச் சேர்ந்து பணம் திரட்டியிருக்கிறீர்கள். அதைக் கொண்டு புதிய ஆய்வுகூடம் கட்டுவதா, ரோபோத் தொகுதிகள் வாங்குவதா என்று கேட்டிருக்கிறீர்கள். மலையக நகரப் பாடசாலையொன்றில் நீண்ட காலம் இரசாயனவியல் கற்பித்தவன் என்ற முறையில், இரண்டையும் இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள் என்பதே என் பதில். ஏற்கெனவே இருக்கும் ஆய்வுகூடம் பிற்பகலிலும் திறந்திருக்க, அங்கே உடைவதையும் தீர்வதையும் உடனுக்குடன் ஈடுசெய்ய, தோட்டத்துப் பிள்ளை வேலை முடியும்வரை அங்கே தங்கியிருக்க அந்தப் பணம் செலவாகட்டும். அதையும் ஒரே தடவையில் கொடுத்து முடிக்காமல் மூன்று ஆண்டுகளுக்குப் பிரித்துக் கொடுங்கள்.

கல்வி அமைச்சராயிருந்த கன்னங்கராவின் இலவசக் கல்வி 1945இல் நடைமுறைக்கு வந்தபோதிலும், தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களில்தான். பின்னர் சுவீடன், ஜேர்மனி ஆகிய நாடுகளின் உதவியால் வகுப்பறைகள் எழுந்தன. பத்தனையில் ஆசிரியர்களைப் பயிற்றும் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியும் அப்படித்தான் வந்தது. ஆனால் உயர்தர (12, 13ஆம் தர) விஞ்ஞானப் பிரிவு, 1ஏபி என்று வகைப்படுத்தப்பட்ட பாடசாலைகளில் மட்டுமே உண்டு. மலையகத்தில் அவற்றில் பெரும்பாலானவை நகரங்களில் இருக்கின்றன. பதினோராம் தரம் வரை ஒரு முகவையை (பீக்கர்) கூடத் தொடாத பிள்ளை சாதாரண தரப் பரீட்சையில் நல்ல பெறுபேறு எடுத்து நகரத்துக்கு வந்தாலும், முதல் தவணையிலேயே மிரண்டு கலைப் பிரிவுக்கு மாறிவிடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். பல்கலைக்கழக அனுமதியில் 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்பட்டுள்ளது. நுவரெலியாவும் பதுளையும் அந்தப் பின்தங்கிய மாவட்டப் பட்டியலில் இருக்கின்றன. விஞ்ஞானப் பிரிவில் நிலைத்து நின்று பரீட்சை எழுதாத பிள்ளைக்கு விஞ்ஞான, மருத்துவ, பொறியியல் பீடங்களில் இந்த ஒதுக்கீட்டால் எந்தப் பயனும் இல்லை. ஆகவே நகர ஆய்வுகூடத்துக்கு நீங்கள் கொடுக்கும் பணத்தில் ஒரு பகுதி, சுற்றியுள்ள தோட்டப் பாடசாலைகளின் ஒன்பதாம், பத்தாம், பதினோராம் தரப் பிள்ளைகள் மாதம் ஒருமுறையாவது அங்கே வந்து செய்து பார்ப்பதற்கென்று ஒதுக்கப்பட வேண்டும்.

செய்து பார்ப்பது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு ஓர் உதாரணம். நீர் 100 பாகை செல்சியசில் கொதிக்கும் என்று பிள்ளைகள் மனனம் செய்கிறார்கள். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் இருப்பதால், அங்கே வெப்பமானியை வைத்துப் பார்த்தால் ஏறத்தாழ 94 பாகையிலேயே நீர் கொதித்துவிடும். வெப்பமானி பழுதா, புத்தகம் பிழையா என்று அவர்கள் தமக்குள் வாதிடத் தொடங்கும்போது, வளிமண்டல அமுக்கம் பற்றிய பாடத்தில் பாதியை ஆசிரியர் சொல்லவேண்டிய தேவையே இருப்பதில்லை. பரீட்சைக்கும் இது உதவும். உயர்தரப் பௌதிகவியல் இரண்டாம் வினாத்தாளின் அமைப்புக் கட்டுரை வினாக்கள் பெரிதும் பரிசோதனைகளைப் பற்றியவை. கருவியைக் கையாண்டவர் எழுதும் விடைக்கும் குறிப்பை மனனம் செய்தவர் எழுதும் விடைக்கும் உள்ள வேறுபாடு, திருத்துபவருக்கு உடனே தெரியும்.

இனி, வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தெரியாத ஒரு சிக்கலைச் சொல்கிறேன். நன்கொடையாக வரும் ஒவ்வோர் அளவியும் (பியூரெட்) குழாயியும் (பிப்பெட்) பாடசாலையின் பொருட்பதிவேட்டில் ஏறுகிறது, ஆண்டுதோறும் கணக்கெடுக்கப்படுகிறது. உடைந்தால் யார் பதில் சொல்வது என்ற அச்சத்தில், நல்ல கருவிகள் அலுமாரிக்குள் பூட்டப்பட்டு, ஆசிரியர் மேசையில் ஒருமுறை காட்டப்படும் பொருள்களாகிவிடுகின்றன. 2022இன் நெருக்கடியில் டொலர் ஏறத்தாழ 200 ரூபாயிலிருந்து 360 ரூபாயை நெருங்கியபோது, இறக்குமதியாகும் கண்ணாடிக் கருவிகளும் இரசாயனப் பொருள்களும் கைக்கெட்டாத விலைக்குப் போய், இந்த அச்சம் இன்னும் இறுகியது. உடைவதற்கென்றே ஒரு சிறு தொகையை எழுத்தில் ஒதுக்கி, 'பிள்ளைகளின் கையில் உடையும் கருவிகளுக்கு இந்த நிதியிலிருந்து மாற்று வாங்கலாம்' என்று பாடசாலை அதிபருக்குக் கடிதமாகக் கொடுங்கள். பூட்டைத் திறக்க வைப்பதில் அந்தக் கடிதத்துக்கு ஒரு நுணுக்குக்காட்டியின் விலையைவிட அதிக பெறுமதி உண்டு.

அதைவிடப் பெரிய தடை நேரம். பாடசாலை 1.30 மணிக்கு முடிகிறது. நாற்பது நிமிடப் பாடவேளைக்குள் கருவியைப் பொருத்தி, அளந்து, கழுவி வைத்து முடிக்க முடியாது என்பதால் செயன்முறை வகுப்புகள் பிற்பகலுக்குத் தள்ளப்படுகின்றன. நகரத்துப் பிள்ளை வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் திரும்பி வரலாம். தோட்டத்துப் பிள்ளைக்குப் பாடசாலை விடும் நேரத்தில் போகும் அந்த ஒரு பஸ்ஸை விட்டால் இருட்டும்வரை வேறு பஸ் இல்லை. பிரதான வீதியில் இறங்கித் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்துக்கு மேலும் சில மைல் நடக்கவேண்டிய பிள்ளைகளும் இருக்கிறார்கள், அதிலும் பெண்பிள்ளைகளைப் பெற்றோர் தங்கவிடமாட்டார்கள். தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 2024இல்தான் 1,350 ரூபாயாக உயர்ந்திருந்தது. அப்படிப்பட்ட சம்பளத்தில் மதியச் சாப்பாட்டுக்கும் கூடுதல் பஸ் கட்டணத்துக்கும் எடுத்துக் கொடு என்று எந்தத் தாயிடமும் கேட்க முடியாது. ஆகவே, நீங்கள் யாருக்காகப் பணம் சேர்த்தீர்களோ அந்தப் பிள்ளைகளே விடுபட்டுப் போகிறார்கள். வாரத்தில் ஒரு பிற்பகல் சாப்பாடு, பிள்ளைகளை அவரவர் தோட்டச் சந்தியில் இறக்கிவிட ஒரு வான், கூடவே நின்று கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் ஆய்வுகூட உதவியாளருக்கோ தொண்டர் ஆசிரியருக்கோ ஒரு கொடுப்பனவு: உங்கள் பணத்தில் பெரும்பங்கு இவற்றுக்கே போகட்டும். இவை எவற்றிலும் பெயர்ப்பலகை மாட்ட முடியாது என்பதால் நன்கொடையாளர்கள் தயங்குகிறார்கள், நீங்கள் தயங்காதீர்கள்.

பணத்தைத் தனிநபர் கையில் கொடுக்காமல், பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் வங்கிக் கணக்குக்கு எழுத்துமூல உடன்பாட்டுடன் கொடுங்கள். வலயக் கல்விப் பணிமனைக்கும் ஒரு பிரதி போகட்டும். ரோபோத் தொகுதிகளைப் பொறுத்தவரை, அவற்றைத் தொடர்ந்து கற்பிக்க ஓர் ஆசிரியர் பயிற்சி பெற்று அங்கே நிலையாக இருந்தால் மட்டும் இரண்டாம் ஆண்டில் யோசிக்கலாம்.

முதலாம் ஆண்டை எதில் தொடங்குவது என்று கேட்டால், மழைமானியைச் சொல்வேன். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண்சரிந்து லயங்கள் புதைந்ததை மலையகத்தில் யாரும் மறக்கவில்லை. மண்சரிவு எச்சரிக்கை விடுக்கும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாக இருக்கவும், 100ஐத் தாண்டினால் வெளியேற ஆயத்தமாகவும், 150ஐத் தாண்டினால் வெளியேறவும் சொல்கிறது. பிளாஸ்டிக் போத்தலும் அளவுகோலும் கொண்டு மழைமானி செய்து, புனலின் வாய்ப் பரப்புக்கும் குழாயின் குறுக்குவெட்டுப் பரப்புக்கும் உள்ள விகிதத்தைக் கணித்து அளவுக்கோடு இடுவது பத்தாம் தரப் பிள்ளையால் முடிகிற வேலை. ஒவ்வொரு பிள்ளையும் ஒன்றைச் செய்து தன் லயத்துக்கு எடுத்துப் போகட்டும். அவர்கள் தினமும் குறிக்கும் அளவுகளை மாதச் செயன்முறை வகுப்பில் வரைபாக்கட்டும். இந்த வேலைக்கு ஆகும் செலவு மிகக் குறைவு. அடுத்த மழைக்காலத்துக்கு முன்பே ஆரம்பித்துவிடலாம்.