முன்பின் தெரியாதவர்களோடு விஆரில், அதாவது கண்ணில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு நுழையும் மெய்நிகர் உலகில், ‘யார் இம்போஸ்டர்’ (கூட்டத்தில் ஒளிந்திருக்கும் வேடதாரி யார்) ஆட்டம் ஆடினால் எப்படி இருக்கும்? கூச்ச சுபாவம் உள்ளவருக்கு ஒத்துவருமா?

கேட்டவர் சொல்லியிருப்பது இது: ஹெட்செட் வாங்கியாகிவிட்டது, அமங் அஸ் விஆர் போன்ற ஆட்டங்களில் இறங்க ஆசை, ஆனால் பேசவே கூச்சம், பொய் சொன்னால் குரல் நடுங்கும். யாரென்றே தெரியாத கூட்டத்தில் உடனே மாட்டிக்கொள்வேனா?

மாட்டிக்கொள்வீர்கள். ஆனால் பொய் சொல்லும்போது இல்லை, உண்மையைச் சொல்லும்போது. இரண்டு வருடமாக வாரத்துக்கு மூன்று நான்கு இரவு இந்த ஆட்டங்களில் கிடக்கிறேன். இம்போஸ்டராக இருந்து பிடிபட்டதைவிட, ஒரு பாவமும் அறியாமல் ஓட்டு வாங்கி வெளியே போனதுதான் எனக்கு அதிகம்.

ஆடாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கூட்டத்தில் ஓரிருவருக்கு மட்டும் யார் யார் என்பது தெரியும், மற்றவர்களுக்கு எதுவும் தெரியாது. தெரிந்தவர்கள் மறைக்க வேண்டும், தெரியாதவர்கள் பேசிப் பேசிக் கண்டுபிடிக்க வேண்டும். 1980-களின் பின்பாதியில் மாஸ்கோ பல்கலைக்கழக உளவியல் துறையில் திமித்ரி தவிதோவ் என்பவர் உருவாக்கிய மாஃபியா ஆட்டத்திலிருந்து கிளைத்த குடும்பம் இது. 1997-இல் ஆண்ட்ரூ பிளாட்கின் மாஃபியாக்காரர்களை எடுத்துவிட்டு ஓநாய் மனிதர்களைப் போட்டார். 2018-இல் வந்த அமங் அஸ் அதை விண்கலத்துக்குள் கொண்டுபோனது. அதன் விஆர் வடிவம் 2022 நவம்பரில் வந்தது. பத்துப் பேர் வரை கப்பலில் வேலை பார்ப்பார்கள், நடுவில் ஒளிந்திருக்கும் இம்போஸ்டர் ஒவ்வொருவராகத் தனியே மடக்கிக் கொல்வார். பிணம் கண்ணில் பட்டால் எல்லோரும் மேஜையைச் சுற்றிக் கூடி, விவாதித்து, ஓட்டுப் போட்டு ஒருவரைத் தூக்கி வெளியே வீசுவார்கள்.

என் முதல் இரவு. அறையில் விளக்கு மங்கல். ஹெட்செட்டில் இருக்கும் கேமராக்கள்தான் கையிலுள்ள கன்ட்ரோலர் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கின்றன. வெளிச்சம் போதாவிட்டால் அவை தடுமாறும் என்பது அன்று எனக்குத் தெரியாது. மீட்டிங் கூடியது. இந்த ஆட்டத்தில் ஆளைப் பொம்மையின் நிறத்தை வைத்துத்தான் கூப்பிடுவார்கள், நான் ஆரஞ்சு. மேஜைக்கு எதிரே நின்ற மஞ்சள் நிறக்காரர் பேச்சை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். “ஆரஞ்சோட வலது கையைப் பாருங்க, எப்படி நடுங்குது!” குனிந்து பார்த்தேன். நிஜமாகவே நடுங்கிக்கொண்டிருந்தது. என் நிஜக் கை தொடைமேல் அசையாமல் இருந்தது, ஆட்டத்துக்குள் இருக்கிற கை மட்டும் காய்ச்சல்காரன் கை போல உதறியது. “இது ட்ராக்கிங் பிரச்சனைங்க” என்றேன். என் காதுக்கே அது பொய் மாதிரி கேட்டது. “கேட்காமலே காரணம் சொல்றார் பாருங்க” என்றது இன்னொரு குரல். பெரும்பான்மை ஓட்டு எனக்குத்தான். ஜன்னலுக்கு வெளியே மிதந்துகொண்டு, உள்ளே இருந்தவர்கள் அடுத்தடுத்துச் சாவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நாள் இதை துரதிர்ஷ்டம் என்றே நினைத்தேன். அப்புறம்தான் புரிந்தது, ஆட்டமே இப்படித்தான் ஓடுகிறது. ஹெட்செட் உங்கள் தலை எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, இரண்டு கைகளும் எங்கே என்பதை மட்டும்தான் அடுத்தவருக்கு அனுப்புகிறது. முகம் கிடையாது. அமங் அஸ் பொம்மைக்குக் கண்ணாடி மூடிய ஒரு ஹெல்மெட்தான் முகம். ஆனாலும் மனிதர்கள் சும்மா இருப்பார்களா? கிடைத்த இந்தச் சொற்பத்தையே வைத்து ஜாதகம் கணிக்கிறார்கள். தலையைத் தொங்கப்போட்டால் குற்ற உணர்ச்சி, அடிக்கடி திரும்பினால் பதற்றம், அசையாமல் நின்றால் அழுத்தக்காரன். நிஜத்தில் அந்த ஆள் தண்ணீர் பாட்டிலைக் கையால் தடவித் தேடிக்கொண்டிருப்பார்.

முகம் முழுசாகத் தெரிந்தாலும் பெரிய மாற்றம் இருக்காது என்பதுதான் வேடிக்கை. 2006-இல் உளவியலாளர்கள் சார்லஸ் பாண்டும் பெல்லா டிபாலோவும் பொய்யைக் கண்டுபிடிக்கும் திறமை பற்றிய இருநூறுக்கும் மேற்பட்ட ஆய்வறிக்கைகளைத் திரட்டிப் பார்த்தார்கள். பொய்யா நிஜமா என்று மனிதர்கள் சரியாகச் சொன்னது சராசரியாக 54 சதவீதம். காசு சுண்டினாலே 50 வரும். நண்பர்களோடு ஆடும்போது வேறு விஷயம். இவன் எப்போதும் சளசளவென்று பேசுவான், இன்று ஏன் அமைதி என்று ஒப்பிட ஒரு பழைய கணக்கு இருக்கும். அந்நியரிடம் அந்தக் கணக்கு இல்லை. அவர் இயல்பே அமைதியா, அல்லது கொலை செய்துவிட்டு வந்த அமைதியா? பத்து நிமிடத்தில் யாருக்குத் தெரியும்? அதனால் கூட்டம் தனக்குப் பழகின மாதிரி பேசாதவரைத் தேர்ந்தெடுக்கிறது. தயங்கிப் பேசுகிறவர், உச்சரிப்பு வேறாக இருக்கிறவர், மைக் மோசமாக இருக்கிறவர், சின்னப் பையன். உங்களைப் போன்ற, என்னைப் போன்ற ஆட்கள்.

இன்னொரு சின்னக் கணக்கு போடுங்கள். பத்துப் பேரில் இரண்டு இம்போஸ்டர் என்றால், சராசரியாகப் பத்து ஆட்டத்தில் எட்டு ஆட்டம் நீங்கள் நிரபராதி. பொய் சொல்லும் திறமை இரண்டு ஆட்டத்துக்குத்தான் வேண்டும். மீதி எட்டுக்கும், குற்றமற்றவராக இருந்துகொண்டே அப்படித் தெரியவும் வேண்டும். இது தனிக் கலை. இதை யாரும் பயிற்சி செய்வதில்லை, உண்மைதானே பேசப்போகிறோம் என்ற தெம்பு.

விஆரில் இது ஏன் இன்னும் கஷ்டம் என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. எனக்கு இந்த ஆட்டத்தில் ரொம்பப் பிடித்த விஷயமும் அதுவே. மொபைலில் ஆடும்போது கப்பலைக் கூரை பிய்த்து மேலிருந்து பார்க்கிறீர்கள். முதுகுக்குப் பின்னால் யாராவது வந்தாலும் தெரியும். ஹெட்செட்டுக்குள் அப்படி இல்லை. உங்கள் கண் போகும் இடம்தான் உலகம். எலக்ட்ரிகல் அறையில் வயர் மாட்டிக்கொண்டிருக்கும்போது பின்னால் காலடி கேட்டால், கழுத்தை நிஜமாகத் திருப்பித்தான் பார்க்க வேண்டும். பலபேர் திருப்புவதில்லை, வேலையை முடித்துவிட்டுப் பார்க்கலாம் என்றிருப்பார்கள். விளைவு, மீட்டிங்கில் இரண்டு நிரபராதிகள் ஒருவரை ஒருவர் பொய்யன் என்று சத்தியம் செய்வார்கள். “நான் ஸ்டோரேஜில்தான் இருந்தேன்.” “நானும் அங்கேதான் இருந்தேன், உன்னைப் பார்க்கவே இல்லையே!” இருவரும் சொல்வது உண்மை. ஒருவர் சுவரைப் பார்த்து நின்றார், மற்றவர் அவர் முதுகுக்குப் பின்னால் நடந்து போனார், அவ்வளவுதான். அனுபவசாலி இம்போஸ்டர் அந்த நேரத்தில் வாயே திறக்க மாட்டார். இரண்டு ஆடு முட்டிக்கொள்வதை வேடிக்கை பார்ப்பார்.

ஆகவே நீங்கள் கேட்டதற்கு என் பதில்: நடிப்பைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், சாட்சி சொல்லக் கற்றுக்கொள்ளுங்கள். மீட்டிங் தொடங்கியதும், யாரும் கேட்பதற்கு முன்பே, சப்பென்று இருக்கிற தகவலைச் சொல்லிவிடுங்கள். “அட்மின் அறையில் கார்டு தேய்த்தேன், நீலம் உள்ளே வந்தார், நான் கிளம்பும்போது அவர் அங்கேயே இருந்தார்.” இவ்வளவு போதும். குரல் நடுங்கினாலும் பரவாயில்லை. நீலம் “ஆமாம், பார்த்தேன்” என்று சொன்ன கணத்தில் உங்களுக்கு ஒரு ஆள் கிடைத்துவிட்டார். மாறாக, குற்றம் சாட்டப்பட்ட பிறகு அதே வாக்கியத்தைச் சொன்னால் அது சமாளிப்பு. சொல் அதேதான், முன்னால் சொன்னால் சாட்சி, பின்னால் சொன்னால் சாக்கு. கூச்சக்காரர்களுக்கு இதில் ஒரு வசதியும் உண்டு: முதலில் பேசிவிட்டால் அப்புறம் அதிகம் பேச வேண்டியதில்லை.

இம்போஸ்டர் சீட்டு விழுந்தால்? பொய்யைக் குறைத்துக்கொள்ளுங்கள். போன இடங்கள் எல்லாவற்றையும் உண்மையாகச் சொல்லி, ஒரே ஒரு அறையை மட்டும் விட்டுவிடுங்கள். பேனல் முன்னால் நின்று வேலை செய்வது போல நடிப்பதாக இருந்தால் கையையும் அசையுங்கள். கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு பேனலை முறைத்துப் பார்த்தபடி நின்றே நான் இரண்டு முறை மாட்டியிருக்கிறேன்.

இந்த வகையில் வடிவமைப்பில் எனக்கு மிகவும் பிடித்தது 2016-இல் யூபிசாஃப்ட் வெளியிட்ட வேர்வுல்வ்ஸ் விதின். ஓடுவது ஒளிவது எதுவும் கிடையாது, ஊர்க்காரர்கள் வட்டமாக உட்கார்ந்து பேசுவதுதான் ஆட்டம். பக்கத்தில் இருப்பவர் பக்கம் நீங்கள் நிஜமாகச் சாய்ந்தால் பேச்சு குசுகுசுப்பாகிவிடும், மற்றவர்களுக்குக் கேட்காது. ஆனால் சாய்ந்ததை எல்லோரும் பார்ப்பார்கள்! ரகசியத்தின் உள்ளடக்கம் மட்டும் ரகசியம், ரகசியம் பேசியது பகிரங்கம். எழுந்து நின்றால் மற்றவர்கள் குரல் அடங்கி உங்கள் குரல் மட்டும் கேட்கும். கத்திப் பேசுகிறவர் ஜெயிக்கிற நோய்க்கு இதைவிட நல்ல மருந்தை நான் பார்க்கவில்லை. விஆரில் ஆட்கள் கூடிப் பேசும் தளமான விஆர்சாட்டில் ஆட்டக்காரர்களே கட்டிய கொலைகார உலகங்கள் இருக்கின்றன, கூட்டம் அங்கே அதிகம், ஆனால் அதில் யோசிப்பதைவிட ஓடுவதுதான் நிறைய. கூச்சம் இருப்பவர் அதில் தொடங்கினால் நல்லது என்றுகூடச் சொல்வேன், யாரும் யாரையும் நிற்கவைத்து விசாரிப்பதில்லை.

அந்நியர் அறைகளில் கெட்ட வாயும் இருக்கும், மறைக்க ஒன்றுமில்லை. ஓட்டில் தோற்ற ஒருவர் என் குரலைப் போலியாகப் பேசிக் காட்டி மூன்று ஆட்டம் துரத்தினார். மியூட் பட்டன் எங்கே இருக்கிறது என்று ஆடத் தொடங்குவதற்கு முன்பே பழகிக்கொள்ளுங்கள், கோபம் வந்த பிறகு தேடினால் கிடைக்காது. தலைசுற்றல் வந்தால், பார்வை வழுக்கிச் சுழலாமல் வெட்டி வெட்டித் திரும்பும் அமைப்பைப் போட்டுக்கொண்டு, அரை மணி நேரத்தில் கழற்றிவிடுங்கள். தாக்குப்பிடித்தால் பழகிவிடும் என்று நான் முயன்ற ஒரு இரவை இங்கே விவரிக்க விரும்பவில்லை.

பெயரை மாற்றிக்கொண்டு வந்தால் யாருக்கும் தெரியாது என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. 2020-இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 511 பேருக்கு விஆர் காணொளி காட்டி, தலையும் கையும் அசைந்த தரவை மட்டும் ஐந்து நிமிடத்துக்கும் குறைவாக எடுத்து, அதிலிருந்தே ஆளை 95 சதவீதம் சரியாக அடையாளம் கண்டார்கள். அவ்வளவு நுணுக்கம் மனிதக் கண்ணுக்கு வராது. ஆனாலும், ஓட்டுப் போடுவதற்கு முன்னால் தலையை இடப்பக்கம் சாய்த்து மூன்று முறை ஆட்டுகிற ஒருவரை நான்கு வெவ்வேறு பெயர்களில் நான் பார்த்திருக்கிறேன். என்னைப் பற்றியும் யாரோ இப்படி ஒன்றைக் குறித்து வைத்திருப்பார்கள்.

கடைசியாக ஒரு ஆட்டம். நான் இம்போஸ்டர். எலக்ட்ரிகலில் பச்சையை முடித்துவிட்டுத் திரும்புகிறேன், வாசலில் ஒரு வெள்ளைப் பொம்மை. குரலை வைத்துப் பார்த்தால் பதினொன்று பன்னிரண்டு வயதுப் பையன். கத்திக்கொண்டே ஓடினான். மீட்டிங்கில் “நான் பார்த்தேன், ஆரஞ்சுதான், கண்ணால் பார்த்தேன்!” என்று மூச்சுவிடாமல் சொன்னான். முந்தைய இரண்டு மீட்டிங்கிலும் அவன் இதே குரலில் வேறு இரண்டு பேரைச் சொல்லியிருந்தான். நான் ஒன்றும் செய்யவில்லை. நிதானமான குரலில், “சரிப்பா, போன தடவை சிவப்புன்னு சொன்னியே?” என்று மட்டும் கேட்டேன். மேஜையைச் சுற்றிச் சிரிப்பு. அவனைத்தான் வெளியே தள்ளினார்கள். வெளியே போகும்வரை அவன் தலை என் பக்கமே திரும்பியிருந்தது.

ஆட்டம் முடிந்து லாபியில் எல்லோரும் நின்றோம். அவன் நேராக என் முன்னால் வந்தான், தலை கிட்டத்தட்ட என் ஹெல்மெட்டில் இடிக்கிற தூரம். “நீங்கதானே?” என்றான். சத்தம் போடவில்லை, மெதுவாகத்தான் கேட்டான். “ஆமாம், நீ சரியாத்தான் பார்த்த” என்றேன். தலையை ஒரு முறை ஆட்டிவிட்டு, ஒன்றும் சொல்லாமல் தன் இடத்துக்குப் போனான்.

அடுத்த ஆட்டத்தில் நான் நிரபராதி. வயர் மாட்டும்போது, கார்டு தேய்க்கும்போது, எப்போது திரும்பிப் பார்த்தாலும் இரண்டடி தள்ளி அந்த வெள்ளைப் பொம்மை என்னையே பார்த்துக்கொண்டு நின்றது.