பெர்ல் 6: ஒரு எண் கெடுத்த பெயர் (கேள்வி பதில்)

அண்ணா, பெர்ல் செத்துப்போன நிரல்மொழி என்று எங்கள் கல்லூரியில் சொல்கிறார்களே?

இல்லை தம்பி. 2010-இலிருந்து பெர்ல் 5-க்கு ஆண்டுக்கு ஒரு புதிய பதிப்பாவது வந்துகொண்டிருக்கிறது. டெபியன் லினக்ஸ் என்ற இயங்குதளத்தின் அடிப்படைக் கருவிகள் பலவும் பெர்லில் எழுதப்பட்டவைதான்.

அப்படியானால் இந்தப் பேச்சு எப்படிக் கிளம்பியது? பெர்ல் 6 வந்ததாலா?

வரப்போகிறது என்று சொல்லிவிட்டு வராமல் இருந்ததால். பெர்லை உருவாக்கிய லாரி வால் அதை அறிவித்தது 2000-இல். நிலையான முதல் பதிப்பு வந்தது 2015 கிறிஸ்துமஸ் அன்று. இடைப்பட்ட பதினைந்து ஆண்டுகளில், பெர்ல் 5 வைத்திருந்தவர்கள் "6 வரட்டும், பார்க்கலாம்" என்று புது வேலைகளைத் தள்ளிப்போட்டார்கள். நான் அப்போது வேலை செய்த இடத்தில் இந்த வார்த்தையை எத்தனை தடவை கேட்டிருப்பேன்! புதிதாகப் படிக்க வந்தவர்கள் பைத்தான், ரூபி போன்ற மொழிகளின் பக்கம் போனார்கள். பெர்ல் 5.8 வந்தது 2002-இல், 5.10 வந்தது 2007-இல். அந்த இடைவெளியும் சந்தேகத்தை வளர்த்தது.

வெளியில் இருப்பவருக்கு எண்தான் கண்ணில் படும். 6 வருகிறது என்றால் 5 பழசு என்றுதானே நினைப்பார்? உண்மையில் பெர்ல் 6 வேறு மொழி. பழைய நிரல் அதில் அப்படியே ஓடாது. இதை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக விளக்க வேண்டியிருந்தது. ஒரே எண்ணால் இரண்டு மொழிகளின் மதிப்பும் இறங்கியது, எனக்கு இன்றும் வருத்தம்தான்.

பதினைந்து வருட உழைப்பு வீண்தானே, சார்?

அப்படிச் சொல்லாதீர்கள். ஒரு வரியைத் திரையில் காட்டும், பெர்ல் 5.10-இன் 'ஸே' கட்டளை பெர்ல் 6-இலிருந்து வந்ததுதான். பெர்ல் 5-க்கான 'மூஸ்' தொகுதியும் பெர்ல் 6-இன் பொருள்நோக்கு அமைப்பைப் பார்த்து எழுதப்பட்டது. 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டி 0.3-க்குச் சமமா என்று பைத்தானைக் கேட்டால் இல்லை என்னும். பெர்ல் 6-ஐக் கேட்டால் 'ஆம்' என்னும், தசம எண்களை அது பின்னமாகவே வைத்துக்கொள்வதால்.

2019-இல் பெயரை 'ராக்கு' என்று மாற்றியது பலன் தந்ததா?

சரியான முடிவு. லாரி வாலும் சம்மதித்தார். ஆனால் பத்து வருடம் முன்பே செய்திருக்க வேண்டும். அதற்குள் மக்கள் மனதில் தீர்ப்பு எழுதியாகிவிட்டது.

இப்போது ராக்கு படிக்கலாமா, அண்ணா?

வேலைக்காக என்றால் வேண்டாம்மா. மொழி எப்படி உருவாகிறது என்ற ஆர்வம் இருந்தால் விதிகளை எழுதி உரையைப் பிரித்துப் படிக்க உதவும் அதன் 'கிராமர்' பகுதியில் தொடங்குங்கள். கூட்டல் கழித்தல் கணக்குகளைப் படித்துப் பிரிக்கும் சின்ன நிரல் ஒன்றை எழுதிப் பாருங்கள், ஒரு மாலை போதும்.