ஆக்ஸ்போர்டுக்குப் பக்கத்தில் வீடு: கிட்லிங்டனில் எதற்கு விலை கொடுக்கிறீர்கள்?

கேள்வி: நானும் மனைவியும் ஆக்ஸ்போர்டில் வேலைக்கு வந்து நான்கு மாதங்கள் ஆகின்றன. நகருக்குள் வீட்டு விலை எங்களுக்கு எட்டவில்லை. வடக்கே கிட்லிங்டன் என்ற பெரிய கிராமத்தில் 4,50,000 பவுண்டுக்கு ஒரு வீடு பார்த்திருக்கிறோம். ஒரு கிராமத்துக்கு இந்த விலை நியாயமா? மதுரையில் எங்களுக்குச் சொந்த வீடு இருக்கிறது. அதை விற்கும் எண்ணம் இல்லை.

பதில்: கிராமம் என்ற பெயரை வைத்து விலையை எடைபோடாதீர்கள். கிட்லிங்டனில் 13,000 பேருக்கு மேல் வாழ்கிறார்கள். 1987இல் நகர மன்றமாக மாறலாமா என்ற கேள்வி எழுந்தபோது, வேண்டாம் என்று ஊர் மன்றமே முடிவெடுத்தது. அங்கே விலையை நிர்ணயிப்பது ஆக்ஸ்போர்டுதான். பல்கலைக்கழகமும் மருத்துவமனைகளும் ஆட்களை ஈர்க்கின்றன; நகரைச் சுற்றியுள்ள பசுமை வளையத்தில் புதிய வீடு கட்டக் கடும் கட்டுப்பாடு. 2015இல் ஊரின் தெற்கு முனையில் ஆக்ஸ்போர்டு பார்க்வே ரயில் நிலையமும் திறக்கப்பட்டது. அங்கிருந்து லண்டன் மேரில்போன் சுமார் ஒரு மணி நேரப் பயணம்.

ஊரின் குணத்தைத் தெருவுக்குத் தெரு பார்க்க வேண்டும். உயர்ந்த கூம்புக் கோபுரமுள்ள செயின்ட் மேரி தேவாலயத்தைச் சுற்றிய பகுதிதான் பழைய கிராமம். அங்கே கல்வீடுகளும், ஏழைகளுக்காக 1671இல் எழுந்த அறச்சாலை வீடுகளும் இருக்கின்றன. அது பாதுகாக்கப்பட்ட பகுதி. வீட்டின் வெளித்தோற்றத்தை மாற்றவும் முற்றத்து மரத்தை வெட்டவும் நீங்கள் நினைத்தபடி முடியாது. உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் பிரதான சாலையோரம் வீடுகள் பெருகின. 1945க்குப் பிறகு அவற்றுக்குப் பின்னால் குடியிருப்புகள் வரிசையாக வந்தன. 2016 கோடையில் சீனச் சுற்றுலாப் பயணிகள் பேருந்தில் வந்து இறங்கிப் படமெடுத்து, ஊர்க்காரர்களை வியக்க வைத்தது இப்படியொரு சாதாரண வீட்டுத் தெருவில்தான். குழந்தைகளோடு வாழ இந்த வீடுகளையே நான் பரிந்துரைப்பேன். பழைய கல்வீட்டின் அழகு உண்மையானது. ஈரமும் கூரைச் செலவும் அதே அளவு உண்மையானவை. அதை வாங்குவதானால் கட்டட ஆய்வில் மிக விரிவான மூன்றாம் நிலை ஆய்வைக் கேளுங்கள்.

சன்னலுக்கு வெளியே தெரியும் வயலுக்காக மட்டும் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். செர்வெல் மாவட்ட மன்றம் 2020இல் ஏற்ற திட்டத்தின்படி, கிட்லிங்டன், பெக்புரோக், யார்ன்டன் சுற்றுப்புறத்தில் 4,400 வீடுகளுக்கு இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. அதற்காகப் பசுமை வளையத்திலிருந்தே நிலம் விடுவிக்கப்பட்டது. நீங்கள் பார்த்த வீட்டின் பின்புறம் அந்த வரைபடத்தில் எங்கே விழுகிறது என்று மன்றத்தின் இணையதளத்தில் தேடிப் பாருங்கள். ஊரின் கிழக்கே செர்வெல் ஆறு ஓடுவதால், அரசின் வெள்ள அபாய வரைபடத்தையும் பார்த்துவிடுங்கள்.

நியாய விலையை அறிய, விளம்பர விலையை விட்டுவிட்டு விற்ற விலையைப் பாருங்கள். 1995 முதல் நடந்த விற்பனைகளை அரசின் நிலப் பதிவகம் இலவசமாக வெளியிடுகிறது. அதே தெருவில், அதே வகை வீடு, கடந்த இரண்டு ஆண்டுகளில் என்ன விலைக்குப் போனது என்பதே உங்கள் பேரத்தின் அடிப்படை.

எனக்கு உண்மையில் கவலை தருவது மதுரை வீடுதான். உலகில் எங்கே வீடு இருந்தாலும், முத்திரை வரியில் முதல் வீடு வாங்குவோருக்கான சலுகை கிடைக்காது. 4,50,000 பவுண்டு வீட்டுக்கு வழக்கமான முத்திரை வரி 12,500 பவுண்டு. மதுரை வீட்டில் உங்கள் இருவரின் பங்கு 40,000 பவுண்டு அல்லது அதற்கு மேல் பெறுமானால், இரண்டாம் வீட்டுக்கான 5 சதவீதக் கூடுதல் வரி, அதாவது இன்னும் 22,500 பவுண்டு சேரும். வாங்கும் நாளுக்கு முந்தைய 12 மாதங்களில் உங்களில் ஒருவராவது 183 நாட்களாவது பிரிட்டனில் இருந்திருக்க வேண்டும். சேர்ந்து வாழும் கணவன் மனைவி இருவருக்குமே அது குறைந்தால் 2 சதவீதம், அதாவது 9,000 பவுண்டு கூடும். நான்கு மாதம் அதற்குப் போதாது. பின்னர் தேவையான நாட்களை நிறைவு செய்தால் இந்த 9,000ஐத் திரும்பக் கேட்கலாம். மதுரை வீட்டை வைத்திருக்கும்வரை அந்த 22,500 திரும்பாது.

இங்கிலாந்தில் விலை ஒப்புக்கொண்ட பிறகும், ஒப்பந்தங்கள் பரிமாறப்படும்வரை இரு தரப்பும் விலகலாம். ஆகவே, அதற்கு முன்பே மதுரை வீட்டின் பத்திரத்தையும் மதிப்பீட்டையும் உங்கள் வழக்கறிஞரிடம் கொடுத்து, வரிக் கணக்கை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.