ஆயில் குடிக்கும் காருக்கு வேறு இன்ஜின் தேவையா?

மதுரையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: “2011-இல் வாங்கிய 1.2 லிட்டர் பெட்ரோல் கார், 1,40,000 கி.மீ. ஓடியிருக்கிறது. 1,200 கி.மீ.க்கு ஒரு லிட்டர் ஆயில் குறைகிறது. காலையில் ஸ்டார்ட் செய்யும்போது சற்று நேரம் நீலப்புகை வருகிறது. ஃபுல் இன்ஜின் வேலைக்கு 75,000 ரூபாய் ஆகும், சென்னை புதுப்பேட்டையிலிருந்து பழைய இன்ஜின் வாங்கி மாட்டினால் 45,000-இல் முடிந்துவிடும் என்கிறார் மெக்கானிக். ஆண்டுக்கு 9,000 கி.மீ. ஓட்டுகிறேன். எதைச் செய்யலாம்?”

இரண்டையும் இப்போதைக்குச் செய்ய வேண்டாம் என்பதே என் கருத்து. ஆயில் எந்த வழியாகப் போகிறது என்று தெரியாத நிலையில் இன்ஜினைப் பிரிப்பதோ மாற்றுவதோ வீண் செலவாக முடியக்கூடும். நீங்கள் சொல்லும் அளவும் பயப்படத்தக்கது அன்று, 1,000 கி.மீ.க்கு அரை லிட்டர் வரை குறையலாம் என்று புதிய கார்களின் கையேட்டிலேயே எழுதும் நிறுவனங்கள் உண்டு. உங்கள் இன்ஜின் அந்த அளவை விடக் கூடுதலாக, 1,000 கி.மீ.க்குச் சுமார் 830 மி.லி. குடிக்கிறது.

முதலில் புகை வரும் நேரத்தைக் கவனியுங்கள். இரவு முழுவதும் நின்ற வண்டி காலையில் ஒருமுறை புகைவிட்டுப் பிறகு தெளிந்துவிட்டால், அல்லது கொடைக்கானல் மலைச்சாலையில் ஆக்சிலரேட்டரை விட்டபடி இறங்கி வந்து மீண்டும் மிதிக்கும்போது புகை கிளம்பினால், பெரும்பாலும் வால்வுத் தண்டைச் சுற்றியுள்ள ரப்பர் வளையமான வால்வ் ஆயில் சீல்தான் காரணம். ஆண்டுக்கணக்கில் சூட்டில் கிடந்து அந்த ரப்பர் இறுகிப்போவதால், வால்வுத் தண்டின் வழியே ஆயில் கசிந்து இறங்குகிறது. மாறாக, மேட்டில் ஏறும்போதும் வேகமெடுக்கும்போதும் தொடர்ந்து புகைந்தால், பிஸ்டனைச் சுற்றிச் சிலிண்டர் சுவரோடு ஒட்டி நிற்கும் பிஸ்டன் ரிங்கைச் சந்தேகிக்க வேண்டும். இவற்றோடு, இன்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பிசிவி வால்வு அடைத்திருக்கிறதா, அடிப்பகுதியில் வெளிக்கசிவு உண்டா என்பதையும் பார்த்துவிட வேண்டும். பிசிவி வால்வின் விலை மிகக் குறைவு.

அடுத்து, நான்கு சிலிண்டர்களுக்கும் கம்ப்ரஷன் டெஸ்ட் (உள்ளே எவ்வளவு அழுத்தம் உருவாகிறது என்று அளக்கும் சோதனை) செய்யச் சொல்லி எண்களைத் தாளில் எழுதி வாங்குங்கள். நான்கும் ஏறத்தாழ ஒன்றாக இருந்து, கையேட்டில் உள்ள குறைந்தபட்ச அளவுக்கு மேலும் இருந்தால் ரிங்கும் போரும் (சிலிண்டரின் உட்சுவர்) பெரிய அளவில் தேயவில்லை. ஏதேனும் ஒரு சிலிண்டர் குறைவாகக் காட்டினால், பிளக் துளை வழியே ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு மறுபடி அளக்க வேண்டும். எண் ஏறினால் கோளாறு ரிங்கில், ஏறாவிட்டால் வால்வில். ஆயில் சீல் கெட்டிருப்பது இந்தச் சோதனையில் தெரியாது. ஆயிலை வழித்தெடுக்கும் கீழ் ரிங் கரி பிடித்து இறுகியிருந்தாலும் எண்கள் நன்றாகவே இருக்கும். ஆகவே புகையின் நேரத்தையும் எண்களையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் ஆயில் சீல் மீதே என் சந்தேகம். பிளக் துளை வழியே காற்றழுத்தம் கொடுத்து வால்வு கீழே விழாமல் தாங்கிக்கொண்டால், இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டைக் கழற்றாமலேயே அதை மாற்றிவிடலாம். கூலிதான் பெரிது, ஆனாலும் ஃபுல் இன்ஜின் வேலையின் செலவோடு ஒப்பிடத்தக்கதன்று.

இனிக் கணக்கு. ஆண்டுக்கு 9,000 கி.மீ. என்றால் ஏழரை லிட்டர். லிட்டர் 450 ரூபாய் என்று வைத்தால் 3,375 ரூபாய். உங்கள் ஆர்.சி.க்கு 2026-இல் 15 ஆண்டு முடிகிறது. வண்டியைக் காட்டி, பசுமை வரியும் கட்டிப் புதுப்பித்தால் மேலும் 5 ஆண்டு கிடைக்கும். அந்த 5 ஆண்டுக்கும் ஊற்றும் ஆயில் 17,000 ரூபாய்க்குள் அடங்கும். குடிக்கும் அளவு இரட்டித்தாலும் 34,000-ஐத் தாண்டாது. எரியும் ஆயிலில் உள்ள பாஸ்பரஸ், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை மெல்லக் கெடுக்கும் என்பதையும், புதுப்பிக்கும்போது புகைச் சோதனையில் தேற வேண்டும் என்பதையும் நான் மறுக்கவில்லை. சீலை மாற்றச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

பழைய இன்ஜினைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் பலர் ஏமாறுவது இங்கேதான். அது எத்தனை கிலோமீட்டர் ஓடியது, எப்படிப் பராமரிக்கப்பட்டது என்று விற்பவருக்கே தெரியாமல் இருக்கலாம். உங்கள் இன்ஜினைப் போலவே அதுவும் ஆயில் குடிக்கக்கூடும். கம்ப்ரஷன் அளந்து காட்டாமல் வாங்காதீர்கள். எந்த வண்டியிலிருந்து வந்தது என்பதற்கான ஆவணமும் ரசீதும் இல்லாத இன்ஜின் திருட்டு வண்டியுடையதாக இருந்தால் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். இன்ஜின் எண் ஆர்.சி.யில் பதிவானது, மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவின்படி, இன்ஜினை மாற்றினால் 14 நாட்களுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும். காப்பீட்டிலும் புதிய எண் ஏற வேண்டும். இல்லாவிட்டால் விபத்தின்போது இழப்பீட்டில் சிக்கல் வரும்.

ஃபுல் இன்ஜின் வேலைக்கும் காலம் உண்டு. கம்ப்ரஷன் விழுந்து, சூடான இன்ஜின் ஐடிலில் ஆயில் பிரஷர் விளக்கு எரிந்து, 400 கி.மீ.க்கே ஒரு லிட்டர் காலியாகும் நிலையில், பாடியும் கியர்பாக்ஸும் உறுதியாக இருந்தால் தாராளமாகச் செய்யலாம். அப்போதும் “ரிங் மட்டும் போட்டுத் தருகிறேன்” என்பவரிடம் போரை அளந்தாரா என்று கேளுங்கள். நீள்வட்டமாகத் தேய்ந்த போரில் புது ரிங் படியாது. லேத்தில் கொடுத்துப் போர் அடித்து (கடைந்து பெரிதாக்கி), அதற்கேற்ற பெரிய அளவு ஓவர்சைஸ் பிஸ்டன் போட வேண்டியிருக்கும். தேய்மானம் வரம்புக்குள் இருந்தாலும் ஹோனிங் (போரின் சுவரை லேசாகத் தேய்த்துச் சீராக்குவது) செய்தாக வேண்டும்.

அதுவரை உங்கள் வேலை ஆயில் அளவைக் காட்டும் டிப் ஸ்டிக்கைப் பார்ப்பது. ஆயில் எரிவதால் இன்ஜின் உடனே சாவதில்லை. ஆயில் வற்றியதைக் கவனிக்காமல் ஓட்டும்போதுதான் பேரிங் பிடித்துக்கொள்கிறது. சமதரையில் நிறுத்தி, அணைத்துப் பத்து நிமிடம் கழித்து, வாரம் ஒருமுறை பாருங்கள். அளவு பாதிக்குக் கீழே இறங்கும்போதே ஊற்றுங்கள். மேல் கோட்டைத் தாண்ட விடாதீர்கள். புகையை மறைக்க 20டபிள்யூ-50 போன்ற கெட்டி ஆயிலை ஊற்றச் சொன்னால் மறுத்துவிட்டு, கையேடு அனுமதிக்கும் தரங்களுக்குள்ளேயே தேர்ந்தெடுங்கள். ஊற்றும் ஒவ்வொரு முறையும் கிலோமீட்டரையும் அளவையும் குறித்துவையுங்கள். சீல் மாற்றிய பிறகு 3,000 கி.மீ. ஓட்டி, அந்தக் குறிப்போடு ஒப்பிட்டால் ரிங்கைத் தொட வேண்டுமா என்பது தெரிந்துவிடும்.