ஆழ்கடல் மணல் அடுக்கு: டர்பிடைட்டா, அடிநீரோட்டப் படிவா?

வணக்கம். உங்கள் ஆழ்கடல் துளைமாதிரியில் சேற்றுக்கு நடுவே வரும் 12 செ.மீ. மணல் அடுக்கு டர்பிடைட்டா, அடிநீரோட்டப் படிவா என்று கேட்டிருந்தீர்கள். டர்பிடைட் என்பது மணலும் சேறும் கலந்து கடலடிச் சரிவில் பாயும் கலங்கல் நீரோட்டம் ஒரே வீச்சில் கொட்டிய படிவு; அடிநீரோட்டப் படிவு என்பது கடலடியை ஒட்டி ஓடும் நீரோட்டம் மெல்லச் சேர்த்தது. மாதிரியை நெடுக்காகப் பிளந்து, வெட்டுமுகத்தைச் சுரண்டிச் சுத்தமாக்கி, சாய்வான வெளிச்சத்தில் அடிவிளிம்பை முதலில் பாருங்கள். அது சேற்றை அரித்துக்கொண்டு கூர்மையாகத் தொடங்கி, பருமணல் மேலே செல்லச் செல்ல நுண்மணலாகி, இணைவரிகளையும் அவற்றின் மேல் சிற்றலை வரிகளையும் காட்டிச் சேற்றில் முடிந்தால், 1962இல் நிலவியலாளர் பௌமா டர்பிடைட்டுகளுக்கு விவரித்த ஐந்து பிரிவு வரிசை அதுவே. அதை டர்பிடைட் என்றே நான் கொள்வேன். ஐந்து பிரிவுகளும் ஒருங்கே கிடைப்பது அரிது, ஆகவே ஒன்றிரண்டு குறைந்தாலும் தயங்க வேண்டாம்.

புழுத்துளைகளையும் கவனியுங்கள். 1929இல் கனடாவின் கிழக்கே கடலில் நிகழ்ந்த கிராண்ட் பேங்க்ஸ் நிலநடுக்கத்துக்குப் பின் பாய்ந்த கலங்கல் நீரோட்டம், தொலைவிலிருந்த கடைசிக் கடலடித் தந்திவடத்தைச் சுமார் 13 மணி நேரத்தில் அறுத்தது. அத்தகைய ஓட்டம் கொட்டும் மணலைப் படியும்போதே குடைய உயிரினங்களுக்கு அவகாசமில்லை. துளைகள் பெரும்பாலும் மேற்பகுதியிலேயே நிற்கும். அடுக்கு முழுவதும் அவை கலந்திருந்தால், மெல்லப் படிந்த அடிநீரோட்டப் படிவையே முதலில் சந்தேகியுங்கள்.