ஒரு கப்பும் போட வேண்டும், ஆள் வந்தால் முழு ஜாடியும் போட வேண்டும், எந்தக் காபி மேக்கர் வாங்கலாம்?

அமெரிக்காவில் இருக்கிறோம், வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான், ஆனால் சனி ஞாயிறில் ஆட்கள் வருவார்கள், ஒரு பக்கம் ஒற்றைக் கப்பும் மறுபக்கம் பன்னிரண்டு கப் ஜாடியும் போடுகிற இரட்டை மெஷின் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான்கு வருடம் முன்னால் நானும் இதே இடத்தில்தான் நின்றேன், யாரும் எனக்குச் சரியாகச் சொல்லவில்லை, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நீங்கள் பால் விட்டுக் குடிப்பவரா, கறுப்பாகக் குடிப்பவரா என்று கேள்வியில் இல்லை. தமிழில் கேட்டிருப்பதால் பால் காபிதான் என்று எடுத்துக்கொள்கிறேன். தப்பாக இருந்தால் மன்னிக்கவும், இந்தப் பதிலில் பாதி உங்களுக்கு வேண்டாம், போய் அந்த மெஷினை வாங்குங்கள், நன்றாகவே இருக்கும். பால் காபி என்றால் மட்டும் கொஞ்சம் பொறுங்கள்.

இந்த மெஷின்கள் எல்லாம் அமெரிக்கர் குடிக்கிற காபிக்காகச் செய்தவை. ஒரு லிட்டர் தண்ணீருக்குச் சுமார் 55 கிராம் தூள், 92லிருந்து 96 டிகிரி சூடு, இதுதான் அவர்கள் நல்ல காபிக்கு வைத்திருக்கிற அளவு. அதாவது ஒரு பங்கு தூளுக்குப் பதினெட்டுப் பங்கு தண்ணீர். நம் ஃபில்டரில் நான் 25 கிராம் தூளுக்கு 120 மில்லி வெந்நீர்தான் விடுகிறேன், ஐந்து பங்குகூட இல்லை. அது டிகாஷன், பால் சேரும் என்று தெரிந்தே கெட்டியாக இறக்குவது. மெஷின் இறக்குவது அப்படியே குடிக்க வேண்டிய காபி. அதில் பால் விட்டால் கழுநீர் மாதிரி ஆகிவிடும். இதில் மெஷினின் குற்றம் எதுவும் இல்லை, அதைச் செய்த காரணமே வேறு. ஆனால் கடையில் விற்கிறவருக்கு இது தெரியாது, பெட்டியிலும் போட்டிருக்காது.

ஒற்றைக் கப் பக்கம் இன்னும் மோசம். அதில் போடுகிற கே-கப், அதாவது ஒரு கப்புக்கான தூளை அடைத்து மூடிய சின்ன டப்பா, ஒன்றில் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு கிராம் தூள்தான் இருக்கும். பெரும்பாலான மெஷின்களில் மிகச் சிறிய அளவே 6 அவுன்ஸ், கிட்டத்தட்ட 180 மில்லி. பத்து கிராம் தூளில் 180 மில்லி இறக்கி அதில் பாலையும் விட்டால் என்ன வரும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். சரி, அளவைக் குறைத்து நடுவிலேயே கப்பை எடுத்துவிடலாம் என்று சிலர் சொல்வார்கள், நானும் செய்து பார்த்திருக்கிறேன், மீதி சொட்டு சொட்டாக மேடை எல்லாம் விழும்.

என் கதை இதுதான். நாங்கள் நியூ ஜெர்சியில், எடிசன் பக்கம் இருக்கிறோம். அந்த வருடம் முதல்முறையாக வீட்டில் கொலு வைத்தேன். மாமியார் கும்பகோணத்திலிருந்து ஆறு மாதத்துக்கு வந்திருந்தார். சனிக்கிழமை சாயங்காலம் பதினெட்டுப் பேர் வருவதாக இருந்தது. என்னிடம் இருந்தது இரண்டு பேருக்கான எவர்சில்வர் ஃபில்டர் ஒன்று. அதில் ஒன்பது தடவை இறக்க முடியாது என்று கணவர்தான் போய் இந்த இரட்டை மெஷினை வாங்கி வந்தார். நல்ல எண்ணத்தில்தான் வாங்கினார், அதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவரும் இந்தத் தளத்தைப் படிக்கிறவர்.

மாமியார் ஊரிலிருந்து 80:20 தூள் கொண்டுவந்திருந்தார், எண்பது காபி, இருபது சிக்கரி. ஃபில்டருக்கு என்றே நைஸாக அரைத்தது. அதைத்தான் நான் மெஷினில் தூள் போடுகிற பாஸ்கெட்டில் குவித்துப் போட்டேன், பன்னிரண்டு கோடு வரை தண்ணீர் நிரப்பினேன், பட்டனை அழுத்தினேன். வந்தவர்களுக்குச் சுண்டல் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஐந்து நிமிடத்தில் சமையலறையிலிருந்து மாமியார் கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் பாஸ்கெட் நிரம்பி வழிந்து, மேடையிலிருந்து டிராயருக்குள் வரை காபி ஓடிக்கொண்டிருந்தது, ஜாடிக்குள் பாதி மண்டி.

ஏன் என்று அப்புறம்தான் புரிந்தது. நம் ஃபில்டரில் டிகாஷன் அரைமணி நேரம் நிதானமாக இறங்கும், அவசரம் கிடையாது. மெஷின் ஒன்றே முக்கால் லிட்டர் தண்ணீரைப் பத்து நிமிடத்தில் கொட்டித் தீர்க்கும். நைஸ் தூளும் தண்ணீரில் ஊறிய சிக்கரியும் சேர்ந்து சேறு மாதிரி அடைத்துக்கொண்டால் மேலிருந்து வருகிற வேகத்துக்குக் கீழே இறங்காது. வழிந்துதான் ஆக வேண்டும். காகித ஃபில்டர் என்றால் இன்னும் சீக்கிரம் அடைக்கும்.

அதைத் துடைத்துவிட்டு, இன்னொரு தடவை குறைவாகத் தூள் போட்டு ஓட்டலாம் என்று ஆரம்பித்து, நேரமாகிறதே என்று மைக்ரோவேவில் பாலையும் வைத்தேன். மொத்த சமையலறையும் அணைந்தது. மெஷினுக்கு 1500 வாட் பக்கம் வேண்டும், மைக்ரோவேவும் அதே அளவு இழுக்கும், எங்கள் பழைய அபார்ட்மென்ட்டில் அந்தச் சுவர் ப்ளக் இரண்டும் ஒரே 20 ஆம்ப் பிரேக்கரில் இருந்தன, 120 வோல்ட்டில் அது 2400 வாட்தான் தாங்கும். கொலுவுக்குக் கட்டியிருந்த சீரியல் செட் மட்டும் ஹாலில் எரிந்துகொண்டிருந்தது.

"நீ போய் வந்தவங்களுக்கு வெற்றிலை பாக்கு கொடும்மா, எனக்கு ஒரு வெள்ளைத் துணி மட்டும் எடுத்துக் கொடு" என்றார் மாமியார். கேஸ் அடுப்பில் பெரிய பாத்திரத்தில் தண்ணீர் கொதித்ததும் அணைத்து, தூளைப் போட்டு, கிளறி, ஒரு தட்டால் மூடிவிட்டார். கொஞ்ச நேரம் கழித்துத் துணியில் வடிகட்டினார். அவர் மாமியார் காலத்தில் கல்யாண வீட்டில் இப்படித்தான் போடுவார்களாம். பதினெட்டுப் பேரும் குடித்தார்கள், மூன்று பேர் இரண்டாவது டம்ளர் கேட்டார்கள். அவர் ஒரு வார்த்தை என்னைக் குறை சொல்லவில்லை. எனக்கு அன்றைக்கு அழுகை வந்துவிட்டது.

இங்கே ஒன்று சொல்லியே ஆக வேண்டும், கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான். அன்றைக்குத் தூள் அத்தனை வீணானபோது எனக்கு வலித்ததற்குக் காரணம், மாமியார் கொண்டுவந்தது ஒரு கிலோதான். மூன்று கிலோ வாங்கி வைத்திருந்தார். கிளம்புகிற அன்று காலையில் தூரத்து உறவினர் ஒருவர் வந்து, கலிபோர்னியாவில் இருக்கிற பெண்ணுக்கு என்று ஒரு பார்சலைத் திணித்துவிட்டுப் போயிருக்கிறார். பெட்டிக்கு 23 கிலோ கணக்கு. எதை எடுப்பது? வயதானவர், மறுத்துச் சொல்லத் தெரியாது, தன் மகனுக்கு வாங்கிய தூளில் இரண்டு கிலோவை வெளியே எடுத்து வைத்துவிட்டு அடுத்தவர் பார்சலைச் சுமந்து வந்தார். அதில் இருந்தது இங்கே ஓக் ட்ரீ ரோட்டில் எந்தக் கடையிலும் கிடைக்கிற அப்பளமும் ஊறுகாயும். அதை நியூ ஜெர்சியிலிருந்து கலிபோர்னியாவுக்கு அனுப்பியதும் எங்கள் செலவில். கிடைத்தது என்று ஒரு போன்கூட வரவில்லை. ஊரிலிருந்து ஒரு பெரியவர் கிளம்புகிறார் என்றால் அவர் பெட்டி அவருடையது. தயவுசெய்து அதில் உங்கள் சாமானை ஏற்றாதீர்கள்.

சரி, மெஷினுக்கு வருகிறேன். நான் அதைத் திருப்பிக் கொடுக்கவில்லை. இப்போதும் இருக்கிறது, தினமும் ஓடுகிறது. எப்படிப் பயன்படுத்துவது என்று தெரிந்துகொண்டேன், அவ்வளவுதான்.

ஒற்றைப் பக்கத்தை நாங்கள் கே-கப் போடாமல்தான் பயன்படுத்துகிறோம். கூடவே வரும் சின்ன வலைக் கூடையில் நம் தூளையே போடலாம். இது நீங்கள் வாங்கப் போகும் மாடலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், சிலவற்றில் தனியாக வாங்க வேண்டும், சிலவற்றில் வழியே கிடையாது. கணவர் கறுப்பாகக் குடிப்பார், அவருக்குச் சிக்கரி இல்லாத, கொஞ்சம் கரகரப்பாக அரைத்த தூள், அருமையாக வருகிறது. கே-கப் குப்பையைப் பற்றி யாராவது கேட்பீர்கள் என்று தெரியும். அதை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜான் சில்வனே, இதை ஏன் செய்தோம் என்று சில நேரம் வருத்தமாக இருக்கிறது என்று 2015ல் ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார். பணக் கணக்குப் பார்த்தாலும் பத்து கிராம் தூளுக்கு அந்த விலை கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அவசரத்தில் ஓடுகிற வீட்டில் அது உதவி என்றால் நான் குறை சொல்ல மாட்டேன்.

என் காலைக் காபி அதே பழைய இரண்டு பேர் ஃபில்டரில்தான். ராத்திரி படுக்கும் முன் போட்டுவைத்தால் காலையில் டிகாஷன் தயார். பால் இங்கே கெட்டியாக இருக்காது, முழுப் பால் என்று விற்பதிலேயே கொழுப்பு 3.25 சதவீதம்தான், நம் ஊரில் ஆவின் பச்சைப் பாக்கெட்டே 4.5. அதனால் பாலோடு இரண்டு ஸ்பூன் ஹாஃப் அண்ட் ஹாஃப் (பாலும் கிரீமும் கலந்து விற்பது) சேர்க்கிறேன். இதை யாராவது முதல் வருடமே எனக்குச் சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

ஜாடிப் பக்கம் கூட்டம் வரும்போது மட்டும். அதற்கு என் கணக்கு: தூள் ஒன்பது கப்புக்கு உண்டான அளவு, தண்ணீர் ஐந்து கோடு வரைதான். சுமார் 75 கிராம் தூள், 750 மில்லி தண்ணீர். சிக்கரி இல்லாத தூள், கரகரப்பான அரைப்பு, நைஸ் வேண்டவே வேண்டாம். வருவது டிகாஷன் அளவுக்குக் கெட்டி இல்லை, ஆனால் பாதிக்குப் பாதி பால் விட்டால் நிற்கும். டபரா டம்ளரில் எட்டுப் பேருக்குத் தாராளமாக வரும்.

பெட்டியில் "12 கப்" என்று இருப்பதை நம்பிப் பதினெட்டுப் பேரைக் கூப்பிட்டுவிடாதீர்கள். அந்தக் கப் 5 அவுன்ஸ், 150 மில்லி. அமெரிக்க மக் என்றால் ஆறுகூட வராது.

கண்ணாடி ஜாடிக்கு அடியில் சூட்டுத் தட்டு இருக்கும். அதில் அரைமணிக்கு மேல் வைத்தால் காபி கசந்துவிடும், வெந்துகொண்டே இருக்கும். கையில் கொஞ்சம் காசு இருந்தால் ஃப்ளாஸ்க் மாதிரி ஸ்டீல் ஜாடி வருகிற மாடலைப் பாருங்கள். எங்களுடையது கண்ணாடிதான், நான் இறங்கியதும் வேறு ஃப்ளாஸ்க்கில் ஊற்றிவிடுகிறேன்.

இன்னொன்று, இதை யாரும் சொல்ல மாட்டார்கள். கடையில் மெஷினை மூடியபடி பார்ப்பீர்கள். வீட்டில் சமையல் மேடைக்கும் மேலே இருக்கும் கேபினட்டுக்கும் நடுவே சாதாரணமாக 18 அங்குலம்தான் இருக்கும். இரட்டை மெஷினில் தண்ணீர்த் தொட்டிக்கு ஒரு மூடி, பாஸ்கெட்டுக்கு ஒரு மூடி, ஒற்றைப் பக்கத்துக்கு ஒரு மூடி, எல்லாம் மேல்நோக்கித் திறப்பவை. நாங்கள் ஒவ்வொரு தடவையும் மெஷினை முன்னால் இழுத்துத்தான் திறக்கிறோம். அகலமும் அதிகம், எங்கள் வீட்டில் அது வந்ததும் வெட் கிரைண்டர் அலமாரிக்குப் போய்விட்டது. இரண்டு பக்கத்துக்கும் ஒரே தொட்டியா, தனித்தனித் தொட்டியா என்பதையும் பாருங்கள். தனித்தனி என்றால் அளந்த தண்ணீரைத்தான் ஊற்ற முடியும், அது எனக்குப் பிடித்திருக்கிறது. தண்ணீரில் உப்பு அதிகம் உள்ள ஊர் என்றால் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை வினிகர் கலந்த தண்ணீரை ஓட்டிக் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் சூடு குறைந்து காபி சப்பென்று ஆகிவிடும்.

"டிகாஷன் தவிர மற்றதெல்லாம் காபியே இல்லை, எதற்கு மெஷின்" என்று கீழே எழுத வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நானும் டிகாஷன் குடிக்கிறவள்தான். ஆனால் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு, வேலைக்கும் போய்க்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை எட்டுப் பேருக்குக் காபி கொடுக்க வேண்டிய ஒருத்தி மெஷினைப் பற்றிக் கேட்டால் அவளுக்குப் பாரம்பரியத்தைப் பற்றிப் பாடம் எடுக்காதீர்கள். அவளுக்குக் கை இரண்டுதான்.

ஆக, வீட்டில் ஒருவராவது கறுப்பாகக் குடிப்பார் என்றால் இரட்டை மெஷின் வாங்குங்கள். இரண்டு பேருமே பால் காபி என்றால் ஜாடிப் பக்கம் மட்டும் உள்ள சாதாரண டிரிப் மெஷின், ஸ்டீல் ஜாடியோடு ஒன்று, கூட்டத்துக்கு. உங்கள் இருவருக்கும் ஊரிலிருந்து ஒரு நல்ல ஃபில்டர். இரட்டை மெஷின் விலையில் இரண்டையும் வாங்கிவிடலாம் என்றுதான் நினைக்கிறேன். ஊரில் இருக்கிற அம்மா அப்பாவுக்கு இங்கிருந்து மெஷின் வாங்கி எடுத்துப் போகலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள், இங்கே 120 வோல்ட், அங்கே 230, நேராகச் சொருகினால் எரிந்துவிடும்.

மாமியார் போன மாதம் மறுபடியும் வந்திருக்கிறார். காலை ஐந்து மணிக்கு எழுந்து ஒற்றைப் பக்கத்தில் தூள் எதுவும் போடாமல் பட்டனை அழுத்தி, ஒரு டம்ளர் வெந்நீர் பிடித்துக் குடிக்கிறார். கேஸ் பற்றவைக்கிற சத்தத்தில் குழந்தை எழுந்துவிடுமாம். இந்தத் தடவை நாலு கிலோ தூள் கொண்டுவந்திருக்கிறார், பார்சல் எதுவும் வாங்கவில்லை.