விரலைக் குத்தாமல் சர்க்கரை பார்க்கும் கடிகாரம்: வாசகர் கேள்வி-பதில்

கைபேசியில் விளம்பரம் பார்த்து 2,799 ரூபாய்க்குக் கைக்கடிகாரம் வாங்கினேன். விரலைக் குத்தாமலே சர்க்கரை அளவு காட்டும் என்றார்கள். மூன்று மாதமாக 98 முதல் 120 வரைதான் காட்டுகிறது. போன வாரம் ஆய்வகத்தில் பார்த்தால் 264. எதை நம்புவது?
- பென்னாகரம் வாசகர்

ஆய்வகத்தை. முதலில் மருத்துவரைப் பாருங்கள், பணத்தைப் பிறகு பார்ப்போம். கடிகாரத்தை நம்பி மாத்திரையை விட்டிருந்தால் அதையும் அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

கடிகாரத்தின் அடியில் மினுக்கும் பச்சை விளக்கு நாடித் துடிப்பை எண்ணுவதற்கானது. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் குத்தாமலே ஆக்சிஜனைக் காட்டுகிறதே, சர்க்கரையை மட்டும் ஏன் காட்டக் கூடாது என்று பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆக்சிமீட்டர் பார்ப்பது ரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தரும் ஹீமோகுளோபினை. 100 மில்லி ரத்தத்தில் அது சுமார் 14 கிராம் இருக்கும். அதே 100 மில்லியில் சர்க்கரை 100 மில்லிகிராம், அதாவது ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு. நிறமும் கிடையாது. உடம்பிலுள்ள ஐந்து லிட்டர் ரத்தத்தையும் சேர்த்தால் ஒரு தேக்கரண்டிச் சர்க்கரைதான் தேறும். தோல், வியர்வை, கொழுப்பு, தண்ணீர் எல்லாவற்றையும் தாண்டி அதை மட்டும் ஒளியால் இனம் காண்பதில் பெரிய நிறுவனங்களே திணறுகின்றன.

கண்ணீரிலிருந்து சர்க்கரையை அளக்கும் கண்வில்லையைக் கூகுள் 2014-இல் அறிவித்தது. கண்ணீரில் கிடைத்த அளவு ரத்தத்து அளவோடு சரியாகப் பொருந்தாததால் 2018-இல் அந்த வேலை நிறுத்தப்பட்டது. 2001-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற குளுக்கோவாட்ச் தோலில் மெல்லிய மின்சாரம் பாய்ச்சி அளந்தது. அணிந்தவர்களுக்குத் தோலில் எரிச்சல் வந்தது, சரிபார்க்க விரலையும் குத்த வேண்டியிருந்தது, சந்தையில் அது நிற்கவில்லை. தோலைத் துளைக்காமல் தானே சர்க்கரையை அளக்கும் எந்தக் கடிகாரத்துக்கும் மோதிரத்துக்கும் அனுமதி தரவில்லை என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. இத்தனைக்குப் பிறகும் 2,799 ரூபாய்க்கு அதைப் பார்சலில் அனுப்புகிறேன் என்று ஒருவர் சொன்னால் அவர் பொய் சொல்கிறார்.

இதுபோன்ற கடிகாரத்தில் இரண்டு முறை ஏமாந்துவிட்டேன். இப்போது மோதிரம் 999 ரூபாய்க்கு வருகிறது. வாங்கலாமா?
- பாலக்கோடு வாசகர்

வேண்டாம். கேள்வியின் முதல் வாக்கியத்தை நீங்களே மறுபடி படித்துப் பாருங்கள்.

கடிகாரம் தவறாகக் காட்டுகிறது என்று விற்றவரிடம் புகார் செய்தேன். 'இது மருத்துவச் சாதனம் அல்ல' என்று கையேட்டில் அச்சிட்டிருக்கிறோம், எங்களுக்குப் பொறுப்பில்லை என்கிறார். இனி ஒன்றும் செய்ய முடியாதா?
- ஓசூர் வாசகர்

முடியும். அந்தப் பொடி எழுத்தின் மேல் எனக்குப் பல ஆண்டுக் கோபம் இருக்கிறது.

என் அம்மா இன்சுலின் போடுகிறவர். தினமும் அவர் விரலைக் குத்துவதைப் பார்க்கப் பொறுக்காமல், பொருட்காட்சி ஒன்றில் 3,200 ரூபாய் கொடுத்து, விரலில் கவ்வுகிற 'சர்க்கரைமானி' ஒன்றை வாங்கி வந்தேன். ஓர் இரவு அம்மாவுக்கு வியர்த்துக் கொட்டியது, பேச்சு குழறியது. கருவி 118 காட்டியது. பக்கத்து அறையிலிருந்து வந்த தங்கை அதை நம்பாமல், விரலைக் குத்திப் பார்க்கும் பழைய குளுக்கோமீட்டரில் பார்த்தாள். 52. எழுபதுக்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரை. உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தோம், சிறிது நேரத்தில் தெளிந்தார். மறுநாள் கையேட்டைப் புரட்டினேன். கடைசிப் பக்கத்தில், ஆங்கிலத்தில், எறும்பு அளவு எழுத்தில் அந்த வரி இருந்தது.

பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் சர்க்கரை அளவு காட்டும் என்று விற்றுவிட்டு, உள்ளே சின்ன எழுத்தில் 'இது மருத்துவச் சாதனம் அல்ல' என்பதை நான் எச்சரிக்கையாக ஏற்க மாட்டேன். வாங்குகிறவர் படிப்பது முன்பக்கத்தைத்தான், அதை நம்பித்தான் பணம் கொடுக்கிறார். பொருளின் தன்மை பற்றிய பொய் வருணனை 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி தவறான விளம்பரம். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அதற்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம்.

நீங்கள் செய்ய வேண்டியது: விளம்பரத்தின் படம், ரசீது, பார்சல் உறை, பணம் செலுத்திய விவரம் எதையும் எறியாதீர்கள். கடிகாரம் தவறாகக் காட்டிய அதே நாளில் எடுத்த ஆய்வக அறிக்கை இருந்தால் அதுவே பெரிய சாட்சி. இணையத்தில் வாங்கியிருந்தால் அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்துக்குள் அவர் புகாரைப் பெற்றதை உறுதி செய்ய வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசுங்கள். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். அம்மாவின் கருவிக்கு நான் ரசீது வாங்கவில்லை. அதனால்தான் இதை இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்.

மாங்காய் மண்டியில் கணக்கு எழுதுகிறேன். சீசனில் என் குளுக்கோமீட்டர் 310 காட்டுகிறது, ஆய்வகத்தில் 160. மீட்டர் கெட்டுவிட்டதா?
- காவேரிப்பட்டணம் வாசகர்

மாம்பழம் தொட்ட கையோடு குத்துகிறீர்களா? பழச்சாறு ஒட்டிய விரலில் வரும் சொட்டு ரத்தம் பழத்தின் சர்க்கரையையும் சேர்த்துக் காட்டும். ஸ்பிரிட் பஞ்சால் துடைப்பது போதாது. சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்துவிட்டுப் பாருங்கள். அப்போதும் இப்படியே வந்தால், ரத்தச் சொட்டை வைக்கும் பட்டையான ஸ்ட்ரிப்பின் காலாவதி தேதியைப் பாருங்கள், பிறகு மீட்டரைக் குறை சொல்லலாம்.

என் பத்து வயது மகனுக்கு டைப் 1 சர்க்கரை நோய். ஒரு நாளைக்கு ஐந்து முறை விரலைக் குத்துகிறேன். அழுகிறான். கையில் ஒட்டும் சென்சார் வலிக்காதாமே, நம்பலாமா?
- அரூரிலிருந்து ஒரு தாய்

அம்மா, அது ஏமாற்று அல்ல. ஆனால் 'குத்தாத' கருவியும் அல்ல. மேல்கையின் பின்புறம் ஒட்டும்போது மயிரிழை போன்ற ஓர் இழை தோலுக்கடியில் போய் உட்காரும். ஃபிரீஸ்டைல் லிப்ரே போன்றவை 14 நாள் வரை வேலை செய்யும். அளப்பது ரத்தத்தை அல்ல, திசுக்களுக்கிடையே உள்ள நீரை. அதனால் சர்க்கரை வேகமாக ஏறும்போதும் இறங்கும்போதும் காட்டும் எண் சில நிமிடம் பின்தங்கும். பிள்ளை சோர்ந்திருக்கிறான், கருவி நன்றாக இருக்கிறது என்கிறது என்றால் அப்போது விரலைக் குத்திப் பார்த்தே ஆக வேண்டும். விலைதான் இடி: ஒரு சென்சாரே ஆயிரக்கணக்கில் ஆகும். மாதம் முழுக்க முடியாவிட்டால், மருத்துவரைக் கேட்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு சென்சார் ஒட்டி, இரவில் எப்போது இறங்குகிறது என்று தெரிந்துகொள்ளலாம். மற்ற நாட்களில் விரல் நுனியின் நடுவில் குத்தாமல் ஓரத்தில் குத்துங்கள், வலி குறையும். ஒவ்வொரு முறையும் புது ஊசி, வேறு விரல்.

மக்களைத் தேடி மருத்துவத்தில் மாத்திரை வருகிறது. சொந்தமாக மீட்டர் வேண்டுமா? எது வாங்குவது?
- சூளகிரி வாசகர்

2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி உங்கள் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம் அது, விடாமல் பயன்படுத்துங்கள். இன்சுலின் போடுகிறவர் என்றால் வீட்டில் மீட்டர் இருந்தே ஆக வேண்டும். மாத்திரை மட்டும் என்றால் எத்தனை நாளுக்கு ஒருமுறை பார்ப்பது என்பதை மருத்துவர் சொல்லட்டும். வாங்கும்போது மீட்டரின் விலையை விட ஸ்ட்ரிப்பின் விலையைக் கேளுங்கள். காலத்துக்கும் செலவு வைப்பது அதுதான். நான் ஒருமுறை மலிவாகக் கிடைத்தது என்று வாங்கிய மீட்டருக்கு எட்டே மாதத்தில் தர்மபுரியில் எந்த மருந்துக்கடையிலும் ஸ்ட்ரிப் கிடைக்கவில்லை. பெட்டியில் உற்பத்தி அல்லது இறக்குமதி உரிம எண்ணும் முழு முகவரியும் இல்லாவிட்டால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.